நீ கூப்பிடவில்லை

மார்ல் க்ரீக், மிசௌரி
மார்ச் 9

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் போட்டுவிடுவாயோ என்று பயந்து, முகவரியை மட்டும் அம்மாவை எழுதச் சொன்னேன். “உங்க லெட்டரு, நீங்களே எழுதுங்க” என்று பேனாவை என் முன்னால் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இதை நீ படித்துக்கொண்டிருந்தால், என் கோழிக்கிறுக்கலைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறாய். அதற்கே உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம். போன வாரம் வரை பனி விடவில்லை. பதினொரு கன்றுகள் பிறந்தன, ஒன்று தங்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. டாக்டர் நடக்க வேண்டாம் என்றார், அவள் டாக்டரை மாற்றிவிட்டாள். அலாஸ்காவில் உன் மீன் ஆலையில் கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துப்போகிறதாமே, அம்மா சொன்னாள். இரண்டு ஜோடி கம்பளிக் கையுறை தனியாக அனுப்பியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அம்மாவோடு போனில் பேசும்போது நான் கொட்டகைக்குப் போய்விடுவேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போவேன், வேலை ஒன்றும் கிடையாது. நீ என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாய் என்று தெரியும். கேட்காமல் இருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் துப்பாக்கிச் சங்கத்தில் வருடாந்திர விருந்து நடந்தது. எல்லோரும் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் கொண்டுவந்தார்கள், அம்மா பீன்ஸ் செய்தாள். பேச்செல்லாம் முடிந்ததும் வெர்ன் என்னை மேடைக்கு இழுத்து, மரப்பலகையில் பதித்த ஒரு பித்தளைத் தகட்டைக் கையில் கொடுத்தான். அதில் என்ன செதுக்கியிருந்தது தெரியுமா? ‘அதிகாரி அழைத்தபோது தயங்காமல் வந்த குடிமகன் லைல் ஹட்சென்ஸுக்கு.’ எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அம்மா மட்டும் தட்டவில்லை. மடியில் இருந்த காகிதத் துடைப்பானை மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் உணவகத்தில் அதே பேச்சுதான். “இடுப்புல துப்பாக்கி எதுக்கு, அழகுக்கா? போலீஸ்காரங்களே திணறும்போது நாமதான கை குடுக்கணும்?” என்று வெர்ன் பெரிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். மூலை மேஜையில் ஓய்வுபெற்ற நெடுஞ்சாலை போலீஸ்காரர் ஹார்லன் பிஸ்கட் ரொட்டியில் கிரேவியை ஊற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “குடுப்பீங்கப்பா, குடுப்பீங்க. நாங்க வண்டிய விட்டு எறங்குறப்ப ரெண்டு பேரு துப்பாக்கியோட நிப்பீங்க. எவன் நல்லவன்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கும்?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹார்லன் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

போன செவ்வாய்க்கிழமை தீவனக் கடையில் லோர்னா டில்மனைப் பார்த்தேன். அவள் புருஷன் ராய்ஸ் செத்ததிலிருந்து ஐந்து மாதமாக அந்தப் பெண் வரும் பக்கம் நான் போவதில்லை. தூரத்தில் கண்டால் வண்டியைத் திருப்பிவிடுவேன். அன்று திரும்ப வழியில்லாமல் இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். அவள் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கெண்ட்ராவ அனுப்புங்கன்னு ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டதே நான்தான். அவ சொன்னா ராய்ஸ் கேப்பாரு. அவ பேசிட்டுத்தான இருந்தா? அப்புறம் ஏங்க உங்களக் கூப்பிட்டா?”

கெண்ட்ரா, அந்த இடத்தில் என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. “அவ கூப்பிடலம்மா, நானாத்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை, வாய் சொல்லிவிட்டது.

நாம் இருவரும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நீயும் பேசவில்லை, நானும் உன்னைப் பேச விடவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். அலமாரி மேல் போலீஸ் ரேடியோவைக் கேட்கிற ஸ்கேனர் பெட்டி வழக்கம்போல் உங்கள் ஆட்களின் பேச்சைக் கொட்டிக்கொண்டிருந்தது. நீ போலீஸ் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதை நான் அணைத்ததே இல்லை. ராய்ஸ் வேட்டைத் துப்பாக்கியோடு ஓடைப்பாலத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நீ தனியாகப் போயிருக்கிறாய், அடுத்த வண்டி வர நாற்பது நிமிடம் ஆகும், இவ்வளவும் கேட்டது. பிறகு உன் குரல். “பேசிட்டிருக்கேன். சைரன் வேண்டாம். யாரும் கிட்ட வராதீங்க.” ரொம்பத் தாழ்ந்த குரல்.

நான் அதைப் பயம் என்று நினைத்தேன். என் பெண்ணின் குரல் நடுங்குகிறது என்று நினைத்தேன். மிரண்ட குதிரையிடம் நீ பத்து வயதிலிருந்து பேசுகிற குரல் அதுதான். ஆயிரம் தடவை நம் கொட்டகையிலேயே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் எனக்கு அது விளங்கவில்லை. தட்டில் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு பிஸ்டலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நீ எனக்குச் சொல்லாமல் இருந்தாயா? பேட்ஜ் குத்திக்கொண்டு வந்த முதல் நாளே சாப்பாட்டு மேஜையில் சொன்னாய். “அப்பா, ரேடியோவுல உங்களுக்குக் கேக்குறது பாதிதான். என்ன கேட்டாலும் வராதீங்க. வந்தா நான் ரெண்டு பேரப் பாத்துக்கணும்.” நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். நாற்பது வருடமாக அனுமதிச்சீட்டோடு ஆயுதம் வைத்திருப்பவனுக்கு இந்தச் சின்னப் பெண் பாடம் எடுக்கிறாளே என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

வண்டியை மேலே நிறுத்திவிட்டு, ஓடைக்கரை மரங்களுக்குள் புகுந்து வந்தேன். மான் வேட்டைக்குப் போகிற மாதிரி, சருகு மிதிக்காமல், காற்றுக்கு எதிராக. மனிதர்களிடம் அப்படி வரக்கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ராய்ஸ் வண்டியின் பின்பலகையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில், துப்பாக்கியிலிருந்து கழற்றிய மூன்று தோட்டாக்கள் வரிசையாக இருந்தன. நான்காவதைத்தான் நீ கேட்டுக்கொண்டிருந்தாய். அவன் அழுதுகொண்டிருந்தான், நீ “அவசரமே இல்ல ராய்ஸ், மெதுவா எடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாய். தோட்டாக்களும் என் கண்ணில் பட்டன, பேச்சும் என் காதில் விழுந்தது. அப்படியும் பிஸ்டலை நீட்டி, “ராய்ஸ், துப்பாக்கியக் கீழ போடு” என்று கத்தினேன்.

அவன் திரும்பினான். மடியில் இருந்த துப்பாக்கியும் அவனோடு திரும்பியது. அது என் பக்கம் திரும்பியதால்தான் நீ சுட்டாய். உன்னைக் காப்பாற்ற வந்தவனைக் காப்பாற்ற நீ ஒரு மனிதனைக் கொல்ல வேண்டி வந்தது. இதை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

அன்று விசாரணையில், “பாலத்துப் பக்கம் வந்த என் அப்பாவை நான்தான் உதவிக்குக் கூப்பிட்டேன்” என்று நீ எழுதிக் கொடுத்தாய். கூப்பிட்டிருந்தால் என் மேல் வழக்கு வராது என்று உனக்குத் தெரியும். ஷெரிஃப் என்னைக் கேட்டபோது, “ஆமா, கூப்பிட்டா” என்றேன். அந்த இரண்டு வார்த்தையில் நான் தப்பித்துவிட்டேன். பயிற்சியில்லாத சொந்தக்காரனை நடுவில் இழுத்துவிட்டதாக உன்மேல் குற்றம் எழுதினார்கள். நீ பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டாய். எனக்குத் தகடு கொடுத்தார்கள்.

அந்தத் தகட்டை வெர்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். “ஒனக்கு என்னடா ஆச்சு, அடக்கமா இது?” என்று கேட்டான். அடக்கம் இல்லை என்று மட்டும் சொன்னேன். ஸ்கேனரை அணைத்துவிட்டேன். ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன், பிஸ்டலை நான் விடவில்லை. அது இல்லாமல் வெளியே போனால் இடுப்பில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. பாம்பு வந்தால், வீட்டுக்குள் எவனாவது புகுந்தால் அது வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சீருடை போட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் எனக்கு வேலை இல்லை. அவர்களாக என்னைக் கேட்டால் தவிர. இதைத்தான் நீ அன்றைக்கே சொன்னாய்.

லோர்னா நான் சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த தீவன மூட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, “இத எழுதிக் குடுங்க. எம் பிள்ளைங்க பெரிசானா நான் என்ன சொல்றது? அவங்கப்பா பேச்சுக்கு மசியாத முரடன்னா சொல்றது?” என்றாள். மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் ஏற்றித் தரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள்.

அன்றே வீட்டுக்கு வந்து நான்கு பக்கம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி. அடுத்த நாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு ஷெரிஃப் ஆபீஸ் வாசல் வரை போனேன். வண்டியிலிருந்து இறங்கி, கதவுப் பிடியில் கை வைத்தபோதுதான் உறைத்தது. இந்தக் காகிதம் உள்ளே போனால் நீ எழுதிக் கொடுத்தது பொய் என்றாகிவிடும். உன்னைத் திரும்ப இங்கே அழைத்து விசாரிப்பார்கள். இனி எந்த ஊரிலும் பேட்ஜ் கிடைக்காமல் போகலாம், அதற்கு மேலும் வரலாம். உன் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் நீ கேட்காமல், உன் பின்னாலிருந்து வந்து கத்தப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்துவிட்டேன்.

அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார். எனக்கு என்ன தண்டனை வரும் என்பதை நீ கணக்கில் எடுக்காதே, அறுபத்தெட்டு வயதில் எனக்கு அது பெரிய விஷயமில்லை. லோர்னாவுக்கு இது சேர வேண்டும் என்று என் மனம் அடித்துக்கொள்கிறது. ஒரு பொழுதும் அதை மறக்க முடியவில்லை. ஆனாலும் இந்தத் தடவை நீ சொல்கிறபடிதான். கொடுங்கள் என்றால் கொடுக்கிறேன், நில்லுங்கள் என்றால் நிற்கிறேன். நீ என்ன சொன்னாலும் உன்னோடு வாதாட மாட்டேன்.

அம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறாள், நிறுத்துகிறேன். வேளைக்குச் சாப்பிடு. அந்தப் பனியில் பத்திரமாக நட. கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் கொட்டகைக்குப் போகப்போவதில்லை. போன் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்திருப்பேன். அம்மாவோடு பேசி முடித்த பிறகு, உனக்கு மனம் வந்தால், ஒரே ஒரு தடவை நிஜமாகவே என்னைக் கூப்பிடு, மகளே.

உன் அப்பா,
லைல்