வாக்குத்தத்த பூமியில் நிலத்தடி நீர்

மார்ச் 3
பல்லில் அடைத்தது மறுபடி விழுந்துவிட்டது. டாக்டரிடம் போய் வந்தால், அப்பா பீரோவைக் காலி செய்துகொண்டிருக்கிறார். சபையோடு கிளம்புகிறாராம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நிலம், போதகருக்குக் கடவுள் காட்டியது, எல்லோரும் அங்கேயே குடியேறப் போகிறார்கள். “நீயும் வாயேன்டா” என்றார், கடைக்குக் கூப்பிடுகிற மாதிரி. வேலை இருக்கு என்றேன். அம்மா போன பிறகு நாங்கள் இவ்வளவு பேசியதே இன்றுதான்.

மார்ச் 5
நிலத்தடி நீர் பார்ப்பது என் தொழில். தரையில் கம்பி நட்டு, மின்சாரம் விட்டு, கீழே ஈரமா பாறையா என்று சொல்வது. கடவுள் காட்டினது இருக்கட்டும், நானும் ஒரு தடவை பார்த்துடறேன் என்றேன். போதகர் சம்மதித்துவிட்டார். எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 10
பார்த்தாயிற்று. மேலே ஒரு சாண் மண். கீழே பாறை. எங்கே கம்பி நட்டாலும் பாறை. கூட வந்த, ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்க்காரர் சிரித்தார்: “தம்பி, இங்க போர் போட்டா புகைதான் வரும்.”

மார்ச் 12
ஆபீசில் டீ நேரத்தில் இதே பேச்சு. போர்க்காரர் முஸ்லிம். “எங்ககிட்டயும் இந்தக் கதை இருக்கு. அந்த பூமிக்குள்ள போங்கடான்னு நபி சொன்னா, ஜனங்க ‘நீயும் உன் இறைவனும் போய்ச் சண்டை போடுங்க, நாங்க இங்கயே உக்காந்திருக்கோம்’னுட்டாங்க.” லேப்பில் வேலை பார்க்கும் அக்கா புத்த மதம். “எங்க வீட்ல மேற்கே ஒரு சுத்த பூமி இருக்குன்னு சொல்லுவாங்க. செத்தப்புறம்தான். புத்தர் பேரைச் சொன்னா போதும், வீடு காலி பண்ண வேணாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

மார்ச் 16
மனிதர் குடியிருக்கப் போதுமான நீர் இல்லை, முழுவதும் பாறை — கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். போதகர் அதை ஆராதனையில் சத்தமாகப் படித்தார். அப்புறம் கேட்டார்: “அன்னிக்கு வனாந்தரத்துல ஜனங்களுக்குத் தண்ணி எதுலேர்ந்து வந்துச்சு? பாறையிலேர்ந்து! பாறைதான்னு தம்பியே எழுதிக் கொடுத்துட்டாரு!” ஒரே கைதட்டல். தயங்கிக்கொண்டிருந்த குடும்பங்களும் வருகிறோம் என்று எழுந்து நின்றன.
நான் தடுக்கப் போனேன். ஆள் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 17
“பாறையத் தட்டினா தண்ணி வருமாப்பா? மூளை இருக்கா?” என்று கத்தினேன். அப்பா சட்டை மடித்துக்கொண்டே, “நீ சொன்னது சரிதான்” என்றார். சரின்னா அப்புறம் எதுக்குப் போறாரு? என்ன மனுஷன் இவரு — போங்க, போய்த் தொலைங்கன்னுட்டேன். சொன்னேனா? சொன்னேன்.

ஏப்ரல் 2
போய்விட்டார். துணி துவைத்தேன்.

ஏப்ரல் 19
கூடப் பிறந்த அக்கா போன் செய்தாள். “கல்லு மாதிரி இருக்கியேடா, ஒரு எட்டு போய்ப் பாரேன்” என்றாள். பார்க்கலாம் என்றேன். கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை.

மே 11
அவர்கள் குடியேறின இடத்துக்குத் தண்ணீர் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். லாரியைக் கண்டதும் அவர்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். வரிசையில் அப்பா, இரண்டு வாளிகளோடு. கறுத்திருக்கிறார்.
“பாறைல தண்ணி வந்துச்சா?”
“வரல.”
“அப்ப வாங்க, வீட்டுக்குப் போலாம்.”
அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “வரும்னு நான் என்னிக்குடா நம்பினேன்? அங்க நீ உன் ரூம்ல, நான் என் ரூம்ல. இங்க இருமினாக்கூட யாராவது என்னன்னு கேக்கறாங்க.”
டிரைவர் ஹாரன் அடித்தார். நீங்க போங்க என்று அவருக்குக் கையைக் காட்டினேன்.
அடுத்த லாரி வியாழக்கிழமைதான். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன்.