சாவித் துளையைச் சுற்றியிருந்த வளையம்

ஓமரு, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள டெஸ்ஸாவுக்கு,

உன் சித்தி நோலினும் நானும் பதினொரு கோழிகளும் இங்கே சுகம். கல்கூர்லி சுரங்கத்தில் வீட்டு உயர லாரிகளுக்கு ஒயர் பூட்டுகிற நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன செவ்வாய்வரை சுகமில்லாமல் கிடந்தது என் கார் ஒன்றுதான்.

மூன்று குளிர்காலமாக ஷெட்டில் நான் கட்டிய அந்த ராஜரதத்துக்குப் பழைய ஜப்பான் கார் ஒன்றின் எஞ்சினையும் ஒயர்களையும் சென்சார்களையும் பிடுங்கி மாற்றினேன் அல்லவா, அந்த ஒயரை நீட்டினால் நிலவுக்குப் போய்த் திரும்பி வந்து மிச்சத்தில் துணி காயப்போடலாம். நீ சொன்னபடி ஒவ்வொன்றிலும் பெயர் எழுதித் தொங்கவிட்டேன், அதில் உன் சித்தி இருபது வருடமாகச் சேர்த்த ரொட்டிப் பை கிளிப்புகள் அத்தனையும் காலி. இனிமே ரொட்டிப் பைய உங்க மூக்காலயா மூடுறது என்று கேட்டாள். ஏசி ஒயர், கண்ணாடி ஏற்றுகிற ஒயர் எல்லாவற்றையும் கத்தரித்து எறிந்தேன், சென்சார்களைக் குழந்தைபோல் தூக்கி அதனதன் இடத்தில் வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். பழைய காரின் தடித்த பிளாஸ்டிக் சாவி ரதத்துக்கு அவமானம் என்று பித்தளைச் சாவிப் பூட்டு ஒன்று வாங்கிப் பொருத்தினேன். எஞ்சின் ஆயிரம் சிங்கமாகக் கர்ஜித்தது, இரண்டே நொடியில் செத்தது. நாற்பது முறை முயன்றேன், நாற்பது முறையும் சாவு. வியாழக்கிழமை காரைச் சோதித்து ரோட்டில் ஓட்டச் சான்று தர அதிகாரி கெர் வருவதாக இருந்தது, தவறினால் மூன்று மாதம் கழித்துத்தான் வருவார். அன்னைக்கு ஓடலன்னா அதுல மண்ணப் போட்டுத் தக்காளி நட்டுருவேன் என்று நோலின் சொல்லிவிட்டாள், நாற்றும் வாங்கி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன், ராத்திரி வேலை முடிந்த களைப்போடு நீ போனை எடுத்தாய். சித்தப்பா, பழைய சாவித் துளையச் சுத்தி ஒரு கருப்பு வளையம் இருந்துச்சே அது எங்க என்றாய். தடித்த சாவிக்குள் இருக்கும் சிப்பை அந்த வளையம் படிக்காவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் என்னைத் திருடன் என்று நினைத்து எஞ்சினை அணைத்துவிடுமாம். நானே கட்டிய காரில் நானே திருடன்! வளையமோ பழைய காரின் வெறுங்கூட்டிலேயே இருந்தது, கூட்டை அன்று காலைதான் பழைய இரும்புக்கடை மர்ரே ஏற்றிப் போயிருந்தார். இரவு அங்கியும் ரப்பர் பூட்ஸுமாக ஊர் முழுக்கப் பார்க்க அவர் கடைக்கு ஓடினேன். பொணத்துக் கையில மோதிரம் உருவ வந்தியா கிளைவ் என்று சிரித்தாலும், நான் வளையத்தைக் கழற்றும்வரை நசுக்கும் இயந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார் அந்தப் புண்ணியவான். தடித்த சாவி கோழிக்கூட்டுக் கதவில் தொங்கியது. இரண்டையும் சேர்த்துக் கட்டி டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளித்து, பித்தளைச் சாவியைத் திருகினேன். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. நோலின் நாற்றுகளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

வியாழக்கிழமை கெர் ஒயர் ஒயராகப் பார்த்துவிட்டு, சுத்தமான வேலை, யாரு செஞ்சது என்றார். இப்படி ஒரு கேள்விக்காக நான் பிறந்ததிலிருந்து காத்திருக்கிறேன், உனக்கே தெரியும். ஆனால் வாயில் வந்தது எம் மக என்பதுதான். ஒன்பது வயதில் எங்களிடம் வந்தாயே, அன்றிலிருந்து நாங்கள் உன்னை வளர்த்ததாகப் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன். யார் யாரை வளர்த்தது என்ற கணக்கு வேறு மாதிரி போலிருக்கிறது. மற்ற கிளிப்புகளையெல்லாம் கழற்றிவிட்டேன், மை படிந்து இனி ரொட்டிப் பைக்கு உதவாது. வளையத்தின் ஒயரில் ஒன்று மட்டும் இருக்கிறது, அதில் உன் பெயர்.

வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே, நூடுல்ஸை மட்டும் தின்று உயிர் வாழாதே. உன் கைக்கு ஒரு கீறலும் வராமல் தெய்வம் காக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ரொட்டிக் கிளிப் ஒரு பை கொண்டுவா, சித்தி இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

என்றும் நன்றியுள்ள உன்,
சித்தப்பா கிளைவ்