ஒன்றுவிட்டு ஒன்று

இராஜபாளையம்
5.2.1989

அன்புள்ள மைமூன் லாத்தாவுக்கு, தம்பி பீர் முகமது ஸலாம் சொல்லி எழுதுவது.

நான் சுகம். உன் சுகத்தை, உன் கடை விறகை இங்கே ஏற்றிவரும் லாரி டிரைவர் பொன்னுராஜ் தினமும் சொல்லிவிடுகிறான். அரைமணி பஸ் தூரத்துக்குக் கடிதமா என்று சிரிக்காதே. எனக்கு பாய்லர் ஷிப்டு, உனக்கு விறகுக்கடை.

மலையை அணில் சரணாலயம் என்று அறிவித்ததிலிருந்து ஒரு சுள்ளிகூடக் கீழே இறங்கவில்லை. எங்கள் பேண்டேஜ் மில்லில் துணி வேகவைக்க நாள் ஒன்றுக்கு ஒரு டன் விறகு வேண்டும். கொடுப்பவள் நீ. மச்சான் மவுத்தான பிறகு அந்தக் கடைதான் உனக்குச் சோறு. அதனால் மகாராஜபுரத்தில் சமுத்திரம் அண்ணாச்சியின் மாந்தோப்பை நீ வெட்டுக்குப் பேசியது சரிதான். மலையடிவாரம் என்றாலும் சரணாலய எல்லைக்கு வெளியே, பட்டா நிலம்.

தோப்பிலும் அந்த மலையணில் இருக்கிறது, பாவம் என்று சொல்லியனுப்பினாய். அதற்கும் வழி இருக்கிறது. மொத்தம் அறுபது மரம். ஒன்றுவிட்டு ஒன்று வெட்டு. பாதி உனக்கு, பாதி அணிலுக்கு. மூன்றாம் வகுப்புக் கணக்கு. வெட்டும் மரத்துக்கு இன்றே காவி அடையாளம் போடச் சொல்.

உன் தம்பி
பீர் முகமது


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.2.1989

அருமைத் தம்பி பீருக்கு லாத்தா எழுதிக்கொண்டது.

நீ சொன்னபடி பன்னிரண்டு மரம் சாய்ச்சாச்சு. பதிமூணாவதுக்குக் கோடாலியைத் தூக்க மாட்டேங்கிறார் மரம்வெட்டி இருளப்பசாமி. "ஏண்ணே, கூலி பத்தலையா?"ன்னேன். "கூலி கெடக்கு தாயி. ஒன் தம்பிக்கு மரத்த எண்ணத்தான் தெரியும். அந்த உசிரு தரையில எறங்காது. எப்படிப் போவும்னு அவர வந்து பாக்கச் சொல்லு"ங்கிறார்.

டிப்ளமா படிச்சவன் நீ. வந்து அவருக்குப் பதில் சொல்லு. இங்கே பால்கோவாக் கடைக்காரங்க நாலு பேரும் விறகு எங்கேன்னு வாசல்ல நிக்காங்க. ஞாயித்துக்கிழமை போய் மிச்ச மரத்துக்கு நீயே காவி போடு.

உன் லாத்தா
மைமூன்


இராஜபாளையம்
6.3.1989

லாத்தாவுக்கு ஸலாம்.

போன வாரம் தோப்புக்குப் போனேன். காவி டப்பாவைத் திறக்கவில்லை.

காலை ஏழு மணி இருக்கும். ஒரு கிளை நுனியில் அது வந்து நின்றது. பூனையைவிடப் பெரிசு. சாம்பல் முதுகில் முடிக்கு முடி வெள்ளை நுனி. உடம்பைவிட நீளமான வால். வாயில் குட்டி. கூட்டிலிருந்து குட்டியை மலைப்பக்கம் கொண்டுபோகப் பார்க்கிறது. முன்னால் நாம் வெட்டிய மரத்தின் இடம் வெறும் வானம். டேப் பிடித்து அளந்தேன், முப்பத்தாறு அடி. நுனிவரை வரும், கிளை வளையும், பார்க்கும், திரும்பும். பதினோரு தடவை எண்ணினேன். இறங்கிப் பத்து எட்டு வைத்தால் அடுத்த மரம். இறங்கவே இல்லை.

பிறகு வரப்போரமாகச் சுற்றிப் போனது. அங்கே இடைவெளி இருபதடி. நான் என்னை அறியாமல் "வேண்டாம்" என்று கத்திவிட்டேன். பாய்ந்தது லாத்தா. நாலு காலும் விரிய, வால் பின்னால் நீள, குட்டியோடு. எத்தனை நொடி என்று தெரியாது. கையில் கடிகாரம் இருந்தது, பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் இலை குலுங்கியது. காவி டப்பாவைத் தரையில் வைத்துவிட்டேன். இருளப்பசாமி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அந்த மரத்தையும் சாய்ச்சிருந்தா என்ன பண்ணும் சார்?" என்றார்.

என் கணக்கு தப்பு. நாம் வெட்டியது அதன் பாதையை. ஒன்றுவிட்டு ஒன்று வெட்டினால் அதற்குப் பாதி மிஞ்சாது, ஒன்றுமே மிஞ்சாது. ரோட்டோரமாக ஒரே பக்கம் மொத்தமாக வெட்டியிருந்தால்கூட இவ்வளவு கெடுதல் இல்லை, மிச்சம் சேர்ந்தே நின்றிருக்கும். மிச்ச நாற்பத்தெட்டையும் விட்டுவிடு.

இன்னொன்று. எனக்கு மறைத்துப் பேச வராது. ஒரு வாரமாக பாய்லர் அடுப்பின் தட்டை மாற்றி நெல் உமி எரித்துப் பார்த்தேன். நீராவி ஏறுகிறது. முதலாளி சம்மதித்துவிட்டார். அடுத்த மாதம் முதல் மில்லுக்கு உன் விறகு வேண்டாம். உன் வியாபாரத்தில் பாதி போகும். தெரிந்துதான் செய்தேன்.

பீர்


இராஜபாளையம்
20.3.1989

லாத்தா,

பதில் இல்லை. பொன்னுராஜிடம் கேட்டால், "அக்கா பேச்சை எங்கிட்ட எடுக்காதீங்க சார்" என்று லாரியைக் கிளப்புகிறான். என்னைத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். மரம் நிற்கிறதா? அதை மட்டுமாவது எழுது.

பீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
29.3.1989

பீருக்கு,

மரம் நிக்கிது.

நீ என்னத்தைப் பாத்துட்டு என் கடையில கை வச்சேன்னு தெரியணும்னு நானும் போனேன். ரெண்டு நாள் கழுத்து வலிச்சதுதான் மிச்சம். மூணாம் நாள் வந்துச்சு. அதே இருபதடி. என் தலைக்கு நேர் மேல. வெயில்ல அடிவயிறு வெள்ளையா மின்னிச்சு. யா அல்லாஹ்ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். பக்கத்தில நின்ன சமுத்திரம் அண்ணாச்சி, "சின்னதுல பாத்தது தாயி. பொறவு அண்ணாந்து பாக்கவே நேரமில்ல"ன்னாவ. அவிய மரத்தை அவியகிட்டயே விட்டுட்டு வந்துட்டேன்.

பால்கோவாக் கடைகளுக்கு மட்டும் கண்மாய்க்கரைச் சீமைக்கருவேலம் எடுத்துக் கொடுக்கிறேன். அதுக்கு இத்தனை ஆள் வேண்டாம். ரெண்டு பேரை நிறுத்தினேன். அவங்க முகத்தை நீ பாக்கலை, நான் பாத்தேன்.

அணிலுக்காக மரத்தை விட்டேன், உனக்காக இல்லை. உமியைப் போடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். அதான்லே தாங்கலை.

ஞாயித்துக்கிழமை சோத்துக்கு வா. பேச மாட்டேன்.

மைமூன்