வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

7 ஜூன் 2025, சனி

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கூடம் நிறையப் பெண்களுக்கு நடுவில் ஒற்றை ஆம்பளையாக உட்கார்ந்திருந்தேன். நர்சம்மா சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ராஜபாண்டியன்னு உங்க பேரைல்ல எழுதியிருக்கீக? யாருக்குத் தைராய்டு? வீட்டம்மா வரலையா?”

அம்புட்டுப் பேரும் திரும்பினார்கள். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: “வெளிய நிக்காக.”

“வரச் சொல்லுங்க, எடை பாக்கணும்.”

வெளியே போனேன். ஒரு ஆட்டோவும் ஒரு வேப்பமரமும் நின்றன. இரண்டில் ஒன்றை வீட்டம்மா என்று கூட்டிக்கொண்டு போக முடியுமா? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, “அவக போயிட்டாக. நானே ஏறிக்கிடுதேன்” என்றேன். கூடமே சிரித்தது. ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம், “தங்கமான மனுசன். பொண்டாட்டி சீக்கை இவரு வாங்கிக்கிட்டாரு” என்றாள்.

தொண்ணூற்று நாலு கிலோ.

டாக்டர் ஞானசுந்தரி நல்லவர்கள். படம் வரைந்து காட்டினார்கள். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒன்று இருக்கிறதாம். அது சுரக்க வேண்டிய அளவு சுரக்கவில்லை. அதனால்தான் தூக்கம், குளிர், முகவீக்கம், மறதி, எடை எல்லாம். ரத்தத்தில் நாலுக்குள் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று எனக்கு அறுபது. பரீட்சையில் என்றைக்கும் வாங்காத மார்க். மாத்திரையைப் பற்றியும் நிறையச் சொன்னார்கள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் பேச்சு கண்மாய்க்கு அக்கரையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. ‘காலையில் ஒன்று’ என்பது மட்டும் இக்கரைக்கு வந்து சேர்ந்தது.

8 ஜூன்

அழகுமீனா நேற்று இந்த நோட்டைக் கொடுத்து, “சாப்பிடுறதை எல்லாம் எழுதுங்கப்பா, தானா எடை குறையும்” என்றாள். விருதுநகர்க் காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நேற்று எழுதியதைப் பார்த்தேன். சாப்பாடு ஒன்றும் இல்லை, அவமானம்தான் ஒரு பக்கத்துக்கு இருக்கிறது.

9 ஜூன்

கம்பெனி வேனில் ஏறியதும் டிரைவர் பால்பாண்டி கேட்டான். “சனிக்கிழமை எங்கன போனீக அண்ணாச்சி? ஆஸ்பத்திரில பாத்ததா சொல்றாக.”

தைராய்டு என்று சொல்லலாம்தான். ஆனால் எங்கள் வேனில் அது பொம்பளைச் சீக்கு. பட்டாசுக்கு மருந்து கலக்குகிற போர்மேனுக்கு அது வந்திருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த தீபாவளி வரைக்கும் என்னை வெடித்துக்கொண்டே இருப்பார்கள். “சுகரு” என்றேன்.

பால்பாண்டியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவனுக்கும் சுகர். “வாங்க அண்ணாச்சி வாங்க! ஒத்தையா இருந்தேன்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். எம். புதுப்பட்டி விலக்கில் டீக்கு வண்டியை நிறுத்தியதும் நான் மாத்திரையை எடுத்தேன். பதறிவிட்டான். “ஏயப்பா, வெறும் வயித்துலயா? மயக்கம் போட்டுரும். ரெண்டு பன்னைத் தின்னுட்டு டீயோட போடுங்க.” அவனே வாங்கியும் கொடுத்தான்.

நல்ல பையன். பன் மெத்தென்று இருந்தது.

வேனின் பின்பக்கம் பெண்களோடு என் வீட்டம்மா நாகஜோதி இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், “எனக்கு எத்தன புருசங்க? தைராய்டு வந்தவருக்கு ரசம் வைக்கவா, சுகர் வந்தவருக்குக் களி கிண்டவா?” என்று கேட்டாள்.

21 ஜூன்

களி. கொள்ளு ரசம். சாயங்காலம் ஊர் தாண்டி நடை. நாரணாபுரம் நாய்கள் எல்லாம் இப்போது என்னோடு பழகிவிட்டன, குரைப்பதில்லை.

2 ஜூலை

குளிர்கிறது. சிவகாசி வெயிலில், ஜூலை மாதத்தில், எனக்குக் குளிர்கிறது. வேனில் ஜோதியின் பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பெனி கேட்டில் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே பருத்தித் துணி மட்டும்தான். மற்றது உரசினால் பொறி வரும். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களைக் கழற்றச் சொன்னவன் நான். இன்றைக்குக் கேட்டுக்காரர் என்னைப் பார்த்து, “போர்மேன், சேலைய மட்டும் விட்டுட்டீக” என்றார்.

10 ஜூலை

கனவு. நான் எடையே இல்லாமல் கரிசல் காட்டுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறேன். கீழே கம்பெனி ரூம்கள் தீப்பெட்டிகளை அடுக்கினது மாதிரி தள்ளித் தள்ளி. வெயில் இல்லை, சத்தம் இல்லை. ஜோதி என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “போறவரு வேட்டியை விட்டுட்டுப் போங்க, துவைக்கணும்” என்கிறாள்.

விழித்த பிறகும் வெகுநேரம் மிதந்துகொண்டே கிடந்தேன். இப்போதெல்லாம் எது விழிப்பு, எது கனவு என்று பிரிக்கிற கோடு சரியாகத் தெரியவில்லை. சுகமாகத்தான் இருக்கிறது. அதுதான் சரியில்லையோ?

19 ஜூலை

சரக்குப் பெட்டி நிறுக்கிற மேடையில், யாரும் இல்லை என்று ஏறினேன். தொண்ணூற்று ஆறு. களி தின்று, நாய்களோடு நடந்து, இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். லோடு ஏற்ற வந்த சுடலை பின்னாலிருந்து, “இந்தப் பெட்டி எந்த ஊரு ஆர்டரு அண்ணாச்சி?” என்றான்.

எங்களுடையது பூச்சட்டி, புஸ்வாணம் என்பார்களே, அது செய்கிற கம்பெனி. கண்ணாடியில் பார்த்தால் நானும் அதே உருவம்தான், மேலே குறுகல், கீழே அகலம்.

6 ஆகஸ்ட்

இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலை, வெயில் ஏறுமுன். கலவை ரூமில் தனியாக நின்று சலித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு மயில் அகவியது. அந்தச் சத்தம் நீளமாக, நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. நானும் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்விட்டேன் போல. திரும்பி வந்து பார்த்தால் கை சலிக்கிறது. ஆனால் கடைசியாகப் போட வேண்டியதைப் போட்டேனா? இரண்டு தடவை போட்டேனா? தெரியல. எம்புட்டு யோசிச்சாலும் தெரியல. வெள்ளையா இருக்கு, எல்லாம் வெள்ளையா இருக்கு —

வாளித் தண்ணீரை எடுத்து மொத்தத்திலும் ஊற்றிவிட்டேன்.

மேனேஜர் காசிராஜனிடம், ஈரம் பட்டுவிட்டது என்று சொன்னேன். “சீசன்ல இப்படியா போர்மேன்?” என்றார். அதோடு விட்டார்.

அளவு தப்பின மருந்து லேசாக உரசினாலே பிடித்துக்கொள்ளும். நான் கலக்குவது முதலில் போவது ஜோதி உட்கார்ந்து பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற ரூமுக்கு. அவளோடு இன்னும் மூன்று பேர்.

அப்போது பயம்கூட வரவில்லை. அதுதான் ஆச்சரியம். சாயங்காலம் வேன் பாதி வழி வந்த பிறகுதான், யாரோ தபாலில் போட்ட மாதிரி வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்து ஜோதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பது நின்றது.

“தண்ணி ஊத்துனீகள்ல?”

“ஊத்துனேன்.”

“அப்பறம் என்ன? சாப்பிட வாங்க.”

ஆனால் வெங்காயத்தை மறுபடி எடுக்கவில்லை.

9 ஆகஸ்ட், சனி

ரத்தம் கொடுத்தேன். அறுபது இப்போது எழுபத்தொன்று. மாத்திரை தின்று ஏறியிருக்கிறது! டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

“மாத்திரையை எப்படிப் போடுறீங்க?”

“பன்னு தின்னுட்டு, டீயோட.”

“பன்னா?”

“ரெண்டு பன்னு. வெறும் வயித்துல போட்டா மயக்கம் வரும்னு பால்பாண்டி சொன்னான்.”

“அவர் எந்த ஆஸ்பத்திரி?”

“வேன் டிரைவருங்க. அவனுக்குச் சுகரு.”

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. இது வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டியது. ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது, பால் கூடாது. டீயோடு போட்டால் பாதி மருந்து உடம்பில் ஏறாமல் வீணாகப் போகும். “இதை எல்லாம் அன்னைக்கே சொன்னேனே” என்றார்கள். சொல்லியிருப்பார்கள். நான் அக்கரையில் இருந்திருப்பேன்.

எடையைக் கேட்டேன். “முதல்ல தூங்குறவரை எழுப்புவோம். எடை மெதுவாத்தான் இறங்கும். பட்டினி கிடக்காதீங்க.” பிறகு, “என்ன வேலை பாக்குறீங்க?” என்றார்கள். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். “இந்த நிலைமையில நீங்க அங்க நிக்கக் கூடாது.”

எனக்குத் தெரியும்ங்க, என்றேன்.

11 ஆகஸ்ட்

காலையில் எழுந்ததும் தண்ணீரில் மாத்திரை. வேன் டீக்கு நின்றது. பால்பாண்டி பன்னோடு வந்தான். “வேண்டாம்ப்பா.”

“ஏன் அண்ணாச்சி, நம்ம பன்னு கசக்குதா?”

எங்கள் வேனில் ஆளுக்கு ஒரு நாள் டீ வாங்குவது வழக்கம். வேண்டாம் என்றால் வாங்குகிறவன் மேல் கோபம் என்று அர்த்தம். வேறு வழியில்லை. “எனக்குச் சுகர் இல்லப்பா. தைராய்டு” என்றேன்.

வேனே என் பக்கம் திரும்பியது. பிறகு சுடலை, “அப்ப பிரசவம் எப்ப அண்ணாச்சி?” என்று ஆரம்பித்தான். சிரிப்பில் வண்டியே ஆடியது. பின்னாலிருந்து குருவம்மாள், “ஏலே சுடல, வாய மூடு. எனக்கும் இருக்கு, ஏழு வருசமா. நீங்க இங்கன வாங்க அண்ணாச்சி, நம்ம பக்கம் எடம் கெடக்கு” என்றாள். பால்பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு மறுபடியும் ஒத்தை.

அப்புறம் மேனேஜரிடம் போனேன். அன்று ஈரம் படவில்லை, நான்தான் தண்ணீர் ஊற்றினேன், ஏன் ஊற்றினேன் என்பதையும் சொன்னேன். “தெளியுற வரைக்கும் என்னை மருந்துப் பக்கம் விடாதீங்க.” திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் எனக்கு அடுத்த ஆள் செந்தூர்பாண்டியைக் கூப்பிட்டு, கலவை ரூமை அவனிடம் ஒப்படைத்தார். என்னைப் பேப்பர் செட்டுக்கு அனுப்பினார்.

30 ஆகஸ்ட்

பேப்பர் செட்டில் பூச்சட்டிக்குத் தாள் கூம்பு உருட்டுகிறேன். சுற்றிலும் சிவப்பு, பச்சை, ரோஸ் தாள்கள். வெயில் அதன் வழியாக விழுந்து தரையெல்லாம் நிறம். ஒரு நாள் முழுக்க ரோஸ் வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பசைச் சட்டி மேலேயே தூங்கி விழுந்து கன்னத்தில் ஒரு பச்சைத் தாள் ஒட்டிக்கொண்டது. இங்கே தூங்கினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நஷ்டம் எனக்கு ஒரு கன்னம், கம்பெனிக்கு ஒரு தாள்.

14 செப்டம்பர்

எண்ணெய்ப் பரோட்டா. மூன்று. விருதுநகர் போனால் அழகுமீனாவைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்ப வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்கிறேன்.

27 செப்டம்பர்

இன்றைக்கு வேனில் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. பால்பாண்டியிடம் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். “ரெண்டு வருசமா ஆடுது அண்ணாச்சி.”

11 அக்டோபர்

ஒன்பது. எழுபத்தொன்றிலிருந்து ஒன்பது. எடை தொண்ணூற்று இரண்டு. டாக்டரம்மா, “நல்லா வருது” என்றார்கள். கூடத்தில் அதே அம்மா இருந்தாள். “வீட்டம்மாவுக்குத் தேவலையா?” என்று கேட்டாள். தேவலை என்றேன்.

20 அக்டோபர், தீபாவளி

ஊர் முழுக்கப் புகை. ஜோதி என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்து, “அழகு, இங்கன வா. உங்கப்பாவோட பழைய மூஞ்சி வந்துருச்சு” என்று கூப்பிட்டாள். வந்து பார்த்த பிள்ளை, “தொப்பை மட்டும் போகலயே, அது எங்க போகும், நம்மளை விட்டு” என்றாள்.

22 நவம்பர்

மூன்றரை. பாஸ். எடை தொண்ணூறு. மாத்திரை ஆயுசுக்கும்.

24 நவம்பர், திங்கள்

தீபாவளிக்கு மூடின கம்பெனி பூஜை போட்டுத் திறந்தது. மேனேஜர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, “கலவைக்குப் போறீரா?” என்றார். சரிங்க என்றேன்.

விடிந்தும் விடியாத வெளிச்சம். கலவை ரூமில் நின்றேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எதைப் போட்டேன், எப்போது போட்டேன், அடுத்து எது — ஒவ்வொன்றும் தெரிந்தது. கை சலித்தது, நான் கையோடேயே இருந்தேன். முடித்துவிட்டு வெளியே வந்தால் பனி இறங்கிக்கொண்டிருந்தது. வேப்பமரம், மணல் வாளிகள், தள்ளித் தள்ளி நிற்கிற ரூம்கள். இத்தனை வருஷமாகப் பார்த்த இடம்தான். அந்த ரூம்களை ஏன் அப்படித் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததா? நானே புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று போனால் அடுத்தது நிற்க வேண்டும். இன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. பட்டாம்பூச்சி நன்றாகவே விழித்துவிட்டது. பயம் தபாலில் வரவில்லை, முன்னாலேயே வந்து நின்றது.

மருந்து செலுத்துகிற ரூமுக்கு ஜோதி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டில் கையை வைத்து எடுத்தாள். வெறுங்காலோடு படியில் ஏறினவள், நான் நிற்பதைப் பார்த்துத் திரும்பினாள்.

“என்ன பாக்கீக?”

“சும்மாதான்.”

“நீங்க கலக்குனாத்தான் எனக்கு நிம்மதி, தெரியுமா? செந்தூரு கலக்குனப்ப பூரா உள்ளுக்குள்ள திக்கு திக்குன்னே இருந்துச்சு.” சிரித்தாள். “போங்க, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆயிருச்சு, போய் டீ குடிங்க.”

சரி என்றேன். டீ குடிக்கப் போனேன்.

உள்ள போகாத ஜோதி. செருப்பைப் போடு, வா, வீட்டுக்குப் போயிருவோம். இதைச் சொல்லவில்லை.