ஒரு விசில் என்றால் போதும்

ஓகஸ்ட் 4, திங்கள்
விடிந்ததிலிருந்து பேய்க்காற்று. குவாரி முழுக்கத் தூசி. கல் உடைக்கும் மெஷினிலிருந்து கல் அள்ளும் பெக்கோவுக்கு மாறிப் பழகும் பதினொன்றாம் நாள். மானம் போன நாளும் இதுவே.

டிப்பருக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தேன். கீழே நின்று பார்த்துச் சொல்லும் பண்டார கத்தினான்: "எத்தி! எத்தி!" ஏற்றினேன். இன்னும் கத்தினான். இன்னும் ஏற்றினேன். நல்ல மனுஷன், உற்சாகப்படுத்துகிறான் என்று நினைப்பு. டிப்பர் நிரம்பிக் கல் வழிந்து, சாரதி குதித்து ஓடியபோதுதான் நிறுத்தினேன்.

சிங்களத்தில் "எத்தி" என்றால் போதும். என் காதுக்கு "ஏத்து". பண்டார வீட்டுப் பாற்சோற்றுக்குக் கை மறித்து இதே "எத்தி"யைச் சொன்னவன் நான். பெக்கோவில் ஏறினால் பயத்தில் சிங்களம் இறங்கிவிடுகிறது.

எங்களைப் பழக்கும் நவாஸ் சேர்: "வெள்ளிக்கிழமை டெஸ்ட். இன்னொரு தடவை இப்படின்னா வீட்டுக்குத்தான்."

சோறு போடும்போது மகள்: "எத்தியா அப்பா, ஏத்தவா?"

ஓகஸ்ட் 5, செவ்.
காற்று குறையவில்லை. ஒன்று உறைத்தது. போன மாதம் எனக்கு முன் பெக்கோ பழகிய பெருமாளண்ணனும் இப்படித்தான் கொட்டினார். காது மந்தம் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் காதில் ஒரு கோளாறும் இல்லை. அதே சொல்தான்!

சேரிடம் பேச உள்ளங்கையில் எழுதிப் போனது:
1. வாயால் கத்தக் கூடாது. விசில்.
2. ஒன்று = போதும். இரண்டு = ஏற்று.
3. வியர்வையில் அழிந்துவிட்டது.

"இவ்வளவு நாளும் ஏன் யாரும் சொல்லல்ல?"

"அவனவன் தன் காதையே திட்டிக்கிட்டு இருந்தோம் சேர்."

பண்டார தலையில் அடித்துக்கொண்டான். "நான் போதும் சொல்றது, நீ கொட்றது!"

ஓகஸ்ட் 6, புதன்
சிவப்பு விசில் வந்தாயிற்று. பண்டாரவுக்கு நடையே மாறிவிட்டது. பழகுகிறவர்களையும் கீழே நிறுத்தி ஊத வைத்தார் சேர். தலைக்கு மேலே கல் ஆடும்போது எனக்கு ஊத மூச்சு வரவில்லை. பாவம் பண்டார.

முட்டி வலி. தைலம் வாங்க மறந்தது.

ஓகஸ்ட் 8, வெள்ளி
பாஸ்! ஆறு டிப்பர். ஒரு கல் சிந்தவில்லை. பண்டார கட்டிப்பிடித்து என் காதிலேயே ஊதினான்.

சேர்: "இனி வர்ற எல்லாருக்கும் முதல் நாள் பாடம் இதுதான்."

அந்தச் சூட்டிலேயே பெருமாளண்ணனைப் பற்றிக் கேட்டேன். "திங்கக்கிழமை வரச் சொல்லுங்க" என்றார்!

நேரே ஹாலிஎல பஸ். அண்ணன் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். எல்லாம் சொன்னேன். கோடாலியைக் கீழே போட்டார். உள்ளே பார்த்து, "ஏய், கேட்டியா? எனக்குக் காது நல்லா கேக்குதாம்!"

அண்ணி: "அப்ப நான் கூப்பிட்டா மட்டும் ஏன் கேக்கல?"

மூவரும் சிரித்தோம். பிளேன்டீ வந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செவிடன்னு எந்தப் பய முதல்ல கிளப்பி விட்டான்னுதான் இன்னும் தெரியல" என்றார்.

நான் கோப்பையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

நான்தான், அண்ணே.