பிடிச்சிட்டேன் என்று கத்தினாயே

அன்புள்ள ஷெர்லீனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் துணையால் எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. ஸ்காட்லாந்துக் குளிரில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா காதில் விழும், மெசேஜ் அனுப்பினால் என் போனை எடுத்து அவர்தான் முதலில் படிப்பார், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். இங்கே தஞ்சோங் கிளிங்கில் விடாத மழை. உன் தம்பி டாரியஸுக்குப் பெம்பானுக்கு மாற்றல் வந்திருக்கிறது, நீ அவனிடம் அழுததையெல்லாம் போவதற்கு முன் என்னிடம் கொட்டிவிட்டான்.

செல்லுக்குள் வளரச் சொல்லிச் சேதி கடத்துகிற ஒரு புரதம், அதைத் தேடிப் போய் ஒட்டுகிற ஆன்டிபாடி, ஒட்டினால் படத்தில் கறுப்புக் கோடு விழும் என்று நீதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாய். இப்போது அந்தப் புரதமே இல்லாத செல்லிலும் அதே கோடு விழுகிறதாம், உன் ஆன்டிபாடி இத்தனை நாளும் வேறு எதையோ பிடித்திருக்கிறதாம். நான் பாசாரில் மீன் வாங்கினால்கூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துதான் வாங்குகிறேன், நீ ஆன்டிபாடி வந்த குப்பியின் மேல் ஒட்டியிருந்த பெயரை அப்படியே நம்பினாய். படித்து என்ன கிழித்தாய்?

அது உன் வேலை, போகட்டும். அன்றைக்குப் போனில் "பிடிச்சிட்டேன்பா" என்று கத்தினாயே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தன் புற்றுநோயைத்தான் நீ பிடித்துவிட்டாய் என்று அப்பா நினைத்தார். ஆராய்ச்சிக்கு மட்டும்தான், மருந்து இல்லை என்று சொன்னேனே என்பாய். இங்கிலீஷில் சொன்னாய். நீ அனுப்பிய அந்தக் கோட்டின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனுக்குக்கூடக் காட்டினார். டாக்டரிடம், "என் பொண்ணு பிடிச்சிட்டா லா, மருந்து வந்துரும், எனக்கு கீமோ வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். போன வாரம் மறுபடி இழுத்துக்கொண்டு போனேன். கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது, இனி எது கொடுத்தும் பயனில்லை என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவருக்கு இது தெரியாது.

நேரில் வந்து அவர் காலில் விழுந்து உண்மையைச் சொல்லப் போகிறாயாமே. வராதே. சொன்னால் உன் மனம் இலேசாகும், அவருக்கு என்ன மிஞ்சும்? உன் முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது, வாசலில் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். மருந்து தயாராகிறது, அதனால்தான் உன்னால் வர முடியவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். "வேலைய விட்டுட்டு வரவேணாம்னு சொல்லு, புள்ள பாவம்" என்றார். பெற்ற வயிறு எரிகிறது, இருந்தாலும் என் முடிவு இதுதான். அடக்கத்துக்கு வா.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன்னைக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மறக்காமல் கூப்பிடு, வீடியோ வேண்டாம், குரல் போதும். மருந்து எப்போது வரும் என்று கேட்பார். சிரித்துக்கொண்டே, கூடிய சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
மரியசெல்வி ஜூலியஸ்