பசியாற வேண்டும் என்று எழுதிய சீட்டு

1990 தை 4, புதன்

பட்டு மகளே, காலையில் நல்ல பனி. கம்பெனியில் பனியன் பிசிறு வெட்டும்போது விரல் மரத்துப் போனது.

சாயங்காலம் ரூத் அக்கா வீட்டுக்குப் போனேன். நீ புதன்கிழமை தவறாமல் போன அதே சீஷர் வகுப்பு. நீ கூப்பிட்டபோதெல்லாம் வராதவள், நீ செத்து மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். அங்கேதான் மரகதம் என்ற உன் பேரைச் சத்தமாகச் சொல்கிறார்கள். நம் சொந்தத்தில் ஒருத்தரும் சொல்வதில்லை.

என்னோடு ஆறு பெண்கள். பாட்டு, ஒரு வேதப் பாடம், கடைசியில் சீட்டு. ஆளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி டப்பாவில் போட வேண்டும். பேர் வேண்டாம். அடுத்தவர் சீட்டை எடுத்து, வாரம் முழுக்க அதற்காக ஜெபம் செய்ய வேண்டும்.

அத்தனை பேர் நடுவில் எனக்கு எழுத்துக் கூட்ட நேரமானது. "மெதுவா எழுதுங்க, அவசரமில்லீங்க" என்றார் ரூத் அக்கா.

எழுதியது: என் மகள் பசியாற வேண்டும்.

தை 6, வெள்ளி

ரேஷனில் மண்ணெண்ணெய் வரவில்லை. விறகும் ஈரம்.

செக்கிங் டேபிள் சரோஜா: "ஏனுங்க்கா, அல்லேலூயா ஆயிட்டீங்களாமா? இனிப் பொட்டு வெக்க மாட்டீங்களா?"

"எங்க ஊட்டுக்காரரு போனன்னைக்கே அதை அழிச்சாச்சு. இனி எங்கிருந்து எடுக்கறது?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மத்தியானம் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்ததும் உன் குரல். "அம்மா, ஒரு கல்லு உப்பு." திரும்பிப் பார்த்தேன். மெஷின் சத்தம்தான்.

உன் மஞ்சள்காமாலைக்கு வைத்தியர் சொன்ன பத்தியம். இருபது நாள் உப்பில்லாத கஞ்சி. பசிக்குது, ஆனா இது எறங்க மாட்டேங்குது என்று தட்டைத் தள்ளினாய். உப்புக் கொடுத்தால் செத்துப் போவாய் என்று கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருந்தும் போய்விட்டாய்.

தை 11, புதன்

வகுப்பு முடிந்ததும் மெர்சி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். வேலைக்கு வந்து ஒரு மாதம்தான், உன்னைத் தெரியாது. கையில் டிபன் பாக்ஸ்.

"பெரியம்மா, ஒங்க சீட்டு எனக்குத்தான் வந்துச்சு. நீங்க எழுதும்போது பக்கத்துல இருந்து பாத்தேன்லா. பிள்ளைக்கு என்ன செய்யுது? சாப்பிட மாட்டேங்காளா? நெத்திலிக் கருவாடு வறுத்துச் சோறும் கொண்டாந்திருக்கேன். இதுக்கு வாயைத் தொறப்பா, பாருங்க."

டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டேன். ரூத் அக்காதான் சொன்னார்: "அவங்க பொண்ணு ஐப்பசியில எறந்துட்டா, கண்ணு."

மெர்சி அழுதுவிட்டாள். "ஒரு வாரமா அந்தப் பிள்ளை பசிக்கு ஜெபம் பண்ணிருக்கேன். அதெல்லாம் எங்க போச்சுக்கா?"

ரூத் அக்கா என் பக்கம் திரும்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "எறந்தவங்களுக்காக நாம கேக்கறதில்லீங்க. மரகதம் கர்த்தர்கிட்ட இருக்கறா. அங்க பசியில்லீங்க. நாளான்னைக்குத் தை அமாவாசை. காக்காய்க்குச் சோறு வெக்காதீங்க. அதையும் வெச்சுட்டு இங்கயும் வர்றது சேராதுங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"வெக்க மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டேன். வகுப்பும் போய்விட்டால் உன் பேரைக் கேட்க வேறு இடமில்லை.

டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. வீட்டில் நானே தின்றேன். காரம். கருவாட்டில் உப்புத் தூக்கல். வாசற்படியில் நின்று நீ பார்ப்பது போலிருந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றேன்.

தை 13, வெள்ளி. அமாவாசை

குடியரசு தினம், கம்பெனி லீவு. துவைக்க வேண்டியவை: போர்வை, ரெண்டு சேலை, உன் பச்சைத் தாவணி (எடுத்தேன், மறுபடி பெட்டியிலேயே வைத்தேன்).

சோறு, பருப்பு, பூசணிக்காய்ப் பொரியல். வெளியே வைக்கவில்லை.

காக்காய் ஒன்று சுவரில் வந்து உட்கார்ந்தது. கத்தவில்லை. கழுத்தைச் சாய்த்து அடுப்பையே பார்த்தது.

பக்கத்து வீட்டுப் பழனியம்மா தன் கூரையில் இலையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க்கா, இன்னும் வெக்கலீங்களா? பாவம், புள்ள வந்து காத்துட்டிருக்குதுங்க."

"வெக்கறதில்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேனுங்க."

"ஆருகிட்டச் சொன்னீங்க? புள்ளகிட்டயா?"

அன்றைக்கு வைத்தியர் சொன்னார், கொடுக்கவில்லை. இன்றைக்கு ரூத் அக்கா. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். தட்டில் சோறு போட்டு வாசலுக்கு வருவதற்குள் அது பறந்துவிட்டது. பழனியம்மா வீட்டு ஓட்டில் இறங்கி அவள் வைத்ததைக் கொத்தித் தின்றது. அவசர அவசரமாக.

தட்டோடு நின்றேன்.

அது நீயா, பட்டு?